இரண்டு விரல் உயரம்

வில்ஃப் டிரான்டர் அந்தப் பாலத்துக்கு அடியில் முப்பத்தோரு வருஷமாகப் படகு ஓட்டுகிறார். ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டி வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்குப் படகின் முன்கூரை பாலத்தின் செங்கல் வளைவில் முட்டி நின்றது. உள்ளே அலமாரியில் இருந்த தட்டுகள் எல்லாம் ஒருமுறை சத்தம் போட்டு அடங்கின.

எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு நாலடி நகர்த்தினார். மறுபடி மெதுவாக விட்டுப் பார்த்தார். மறுபடி முட்டியது. படகைக் கட்டிவிட்டுக் கரையில் இறங்கி, முன்பக்கம் போய்க் கையை வைத்து அளந்தார். கூரை வளைவைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தது.

இங்கிலாந்தின் இந்த டட்லிப் பக்கத்துக் கால்வாய்களில் பாலங்கள் கீழே இறங்குவது புதிது இல்லை. நிலத்துக்கு அடியில் இருந்த கரியை எல்லாம் தோண்டி விற்றவர்கள், மேலே குடியிருக்கிறவனைப் பற்றி யோசிக்கவில்லை. தரை அமுங்கியது, பாலம் அமுங்கியது. தண்ணீர் வழியாமல் இருக்கக் கரையை மட்டும் உயர்த்திக் கட்டிக்கொண்டே போனார்கள். எவன் மேலாவது பழி போட வேண்டும் என்றால் டிரான்டருக்கு ஆள் பஞ்சம் இல்லை. ஆனால் இன்றைக்குப் பாலம் இறங்கவில்லை. படகுதான் ஏறியிருந்தது. ஏற்றியவர் அவரே.

படகின் தரைப்பலகைக்கு அடியில் ஒன்றரை டன் வார்ப்பிரும்புக் கட்டிகள் கிடந்தன. படகு ஆடாமல் தண்ணீரில் அழுந்தி உட்கார வேண்டும் என்றால் அடியில் கனம் வேண்டும். போன மூன்று வாரத்தில் அந்தக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அடித்தளம் காய வேண்டும். ஈரம் மனைவி பெரிலின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை கட்டிகளை உள்ளே போட்டுவிட்டு, வியாழக்கிழமை கிளம்புவது என்று திட்டம். திங்கட்கிழமை சாயங்காலம் கால்வாய் அலுவலகத்திலிருந்து போனில் செய்தி வந்தது. படகுகளைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் மதகின் கதவில் கசிவு கூடிவிட்டதாம். வியாழன் வரை பொறுக்க முடியாதாம். செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்கு மூடினால் மார்ச் மாதம்தான் திறப்பார்களாம். டிரான்டர் இரண்டு தடவை போன் பண்ணி, இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் கேட்டு, இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்று முடிவு செய்து, விடிந்ததும் கிளம்பினார். கட்டிகளைப் பற்றிய நினைப்பே வரவில்லை. இப்போது அவை மூன்று மணி நேரத் தூரத்தில் கிடந்தன; திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை.

மதகு பாலத்தைத் தாண்டி முன்னூறு கஜம். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் படகுத்துறை. ஐந்து வாரமாகப் பெரில் அந்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வெளியே விடலாம் என்கிறார்கள், வீடு சரியாக இருந்தால். வீடு என்றால் இந்தப் படகுதான். வேறு வீடு கிடையாது. வியாழனுக்கு இருந்ததை மாற்றி, இன்று இரண்டு மணிக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் துறைக்கு வந்து படகைப் பார்த்துச் சொல்லப்போகிறாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலி வர ஒரு சாலை கிடையாது. சேறும் முள்ளும்தான். படகு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் பெரிலை செட்லி ஹவுஸ் என்கிற முதியோர் விடுதியில் மார்ச் வரை வைப்பார்கள். மார்ச் வரை என்பது அவர்கள் வாய்க்கணக்கு. டிரான்டரின் அண்ணன் லென்னை மூன்று வாரத்துக்கு என்று சொல்லித்தான் அங்கே கூட்டிப்போனார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பெட்டியில் வந்தார்.

புகைக்குழாயைக் கழற்றினார். கூரைமேல் கிடந்த கழி, பலகை, கரி மூட்டை எல்லாவற்றையும் இறக்கினார். பிறகுதான் கரி மூட்டையை இறக்கினால் படகு இன்னும் ஏறும் என்று உறைத்து, அதை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். முதுகு விண்விண் என்றது. வாளியை எடுத்துக் கால்வாய்த் தண்ணீரை மொண்டு குளியல் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார். பன்னிரண்டு வாளியில் தொட்டி நிறைந்தது. கையை வைத்து அளந்தார். அதே இரண்டு விரல். ஒரு மயிரிழை குறைந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. பெரில்.

"எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட."

"பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"வந்துகிட்டே இருக்கேன்."

"எஞ்சின் சத்தம் கேக்கலியே."

"நீ மூச்ச இழுக்குற சத்தத்துல ஒனக்கு எப்படிக் கேக்கும்? வை போன."

வைத்துவிட்டாள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்வது சுலபமில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை என்றால், கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மதகுப் பக்கமிருந்து குர்பால் நடந்து வந்தான். நாற்பது வயது இருக்கும். கால்வாய் அலுவலகத்து ஆரஞ்சுச் சட்டை, இடுப்பில் மதகுச் சாவி.

"என்ன அங்கிள், மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல, பாலத்துக்கு முத்தம் குடுத்துகிட்டு இருக்கேன். மூடுறத ரெண்டு மணிக்குத் தள்ளி வைப்பா."

"என் கையில என்ன இருக்கு? கிரேன் பன்னண்டுக்கு வருது. கதவத் தூக்கி லாரில ஏத்திட்டுப் போயிடுவாங்க. அப்பறம் நீங்க படக தலையில தூக்கிட்டுத்தான் தாண்டணும்."

"அப்போ தண்ணிய எறக்கு. ரெண்டு வெரல்தான்."

"எறக்குனா அந்தக் கால்வாய்த் திருப்பத்துல கட்டியிருக்குற நாலு படகும் சேத்துல சாஞ்சிடும். ஒண்ணுல கைக்கொழந்தை இருக்கு அங்கிள்." குர்பால் கூரையைப் பார்த்தான், தண்ணீர்க்கோட்டைப் பார்த்தான். "எப்பவும் இவ்ளோ ஒசரமா நிக்காதே. அடியில இரும்ப எடுத்துட்டீங்களா?"

டிரான்டர் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அடப் பாவமே," என்றான் குர்பால் மெதுவாக.

மணி பத்து ஐம்பது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். கரைப்பாதையில் வரிசையாக, மழைச்சட்டையும் தோள்பையுமாக இருபது பேருக்கு மேல். எல்லாம் அறுபது தாண்டியவர்கள். ரோச்டேல் பக்கத்துச் சங்கம் ஒன்று. மூடிப்போன ஆலை, இடிந்த சூளை, பழைய கால்வாய் என்று ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்ப் பார்ப்பவர்கள். டிரான்டருக்கு இந்த ஜாதியை அறவே பிடிக்காது. அவர் இருபது வருஷம் சங்கிலிப் பட்டறையில் காது கெட்டுப்போக வேலை செய்தார். இப்போது அந்தப் பட்டறைச் சுவரை அழகு என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். போகிற போக்கில் படகின் ஜன்னலிலும் முகத்தை ஒட்டி எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒருவன் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே இருக்காது.

"இதுதான் நான் சொன்ன பாலம்," என்றார் முன்னால் வந்த அம்மாள். மாரியன் நட்டல் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. "நூறு வருஷத்துல நாலடி எறங்கியிருக்கு. பாருங்க, படகு போகவே எடம் இல்ல."

"எடம் இருக்கும்மா," என்றார் டிரான்டர். "கொஞ்சம் வழி விட்டா எனக்கு வேலையும் இருக்கு."

கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன. ஒருவர் டிரான்டரையே எடுத்தார்.

"என்ன எதுக்குய்யா எடுக்குற? நா என்ன சூளையா?"

குர்பால் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. பிறகு டிரான்டரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"அங்கிள், இவங்கள உள்ள ஏத்துங்க."

"என்னது?"

"இருபத்து மூணு பேரு. ஒண்ணரை டன்னுக்கு மேலயே இருக்கும். அந்தக் குண்டுப் பெரியவர் ஒருத்தரே பத்து கட்டிக்குச் சமம்."

"என் படகுக்குள்ளயா?"

"பின்ன என் படகுக்குள்ளயா?"

டிரான்டர் முடியாது என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தப் படகுக்குள் வந்த வெளியாள் நாலு பேர்தான். அதில் ஒருவன் திருடினான். உள்ளே பெரிலுக்காக வாங்கி வைத்த கழிப்பறை நாற்காலி இருக்கிறது. கட்டிலில் பிடித்துக்கொள்ளப் போட்ட கம்பி இருக்கிறது. அவள் உள்ளாடை கொடியில் காய்கிறது. அதையெல்லாம் ரோச்டேல்காரர்கள் பார்க்க வேண்டுமா? பார்த்துவிட்டு பஸ்ஸில் போகும்போது பேசிக்கொண்டு போக வேண்டுமா?

"மணி பதினொண்ணு அஞ்சு அங்கிள்."

டிரான்டர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு மாரியன் நட்டலிடம் போனார். கேட்கத் தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

"இந்தாம்மா. உங்க ஆளுங்க எவ்ளோ கனம்?"

"என்ன கேட்டீங்க?"

குர்பால்தான் எடுத்துச் சொன்னான். ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை, கிரேன், இரும்பு, எல்லாம். டிரான்டர் பக்கத்தில் நின்று பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுச் சங்கதியை இன்னொருவன் வாயால் கேட்பது, சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பது போல இருந்தது.

மாரியன் நட்டல் பாலத்தையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க இன்சூரன்ஸ்ல இதெல்லாம் வராது," என்றார். பிறகு திரும்பி, "யாருக்காவது முடியாதுன்னா இங்கயே நில்லுங்க. மத்தவங்க வாங்க," என்றார். யாரும் நிற்கவில்லை. குர்பால் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "நா எதையும் பாக்கல," என்றான்.

"எதையும் தொடக் கூடாது," என்றார் டிரான்டர். "அலமாரியில சாயக் கூடாது. ஜாஸ்தி பேசக் கூடாது."

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார் அந்தக் கனத்த மனிதர். டெஸ்மண்ட் என்று பெயர்.

"நீங்க உள்ள இழுத்து வச்சுக்கிட்டா நல்லது."

அவர் பெண்டாட்டி சிரித்தாள். "நாப்பது வருஷமா எடையக் கொற கொறன்னு சொல்றேன். இன்னிக்குத்தான் இவரால ஒருத்தருக்குப் பிரயோஜனம்."

காரியம் வெறுமனே ஏற்றி உட்கார வைப்பது இல்லை. படகு ஐம்பத்தேழு அடி நீளம், பாலம் இருபது அடி அகலம். எந்தப் பாகம் வளைவுக்கு அடியில் இருக்கிறதோ அந்தப் பாகம் அமுங்கியிருக்க வேண்டும். எல்லாரும் முதலில் முன்னறையில் நெருக்கி நிற்க வேண்டும். படகு முன்னால் போகப் போக, அவர்கள் உள்ளே பின்னால் நடந்து வர வேண்டும். படகு எவ்வளவு வேகமோ அவ்வளவே வேகம். ஒருவர் அவசரப்பட்டால் மூக்குத் தூக்கும், கூரை வளைவில் சிக்கும்.

இருபத்து மூன்று பேர் முன்னறையில் ஏறியதும் படகின் மூக்கு கீழே போனது. டிரான்டர் பின்தட்டில் சுக்கானைப் பிடித்து நின்று, உள்கதவுகள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, நீளமாக உள்ளே பார்த்தார். மறுகோடியில் வெறும் முகங்களாகத் தெரிந்தன. குர்பால் பாலத்துக்கு அடியில் கரையோரமாக நின்று கைவிளக்கை அடித்து இடைவெளியைப் பார்த்தான்.

"வாங்க அங்கிள். மெதுவா. ஒரு வெரல் எடம் இருக்கு. வாங்க."

முன்கூரை இருட்டுக்குள் போனது. உரசவில்லை. டிரான்டர் சுக்கானை ஒரு மயிரிழை திருப்பினார்.

"நடங்க," என்று குர்பால் கத்தினான்.

முகங்கள் ஒரு அடி வந்தன. இன்னொரு அடி. பழைய தோல் நாற்காலியைத் தாண்டி, பெரிலின் புத்தக அலமாரியைத் தாண்டி வந்தன. யாரும் பேசவில்லை. கைகளை எல்லாரும் மார்போடு சேர்த்து வைத்திருந்தார்கள், எதையும் தொடாமல். டிரான்டர் அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். ஒருத்தி கொடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கழிப்பறை நாற்காலியைச் சுற்றி ஒவ்வொருவராக ஒதுங்கி நடந்தார்கள்.

அப்போது க்ரீச் என்று ஒரு சத்தம். படகு நின்றது.

"புகைக்குழா வளையம்," என்றான் குர்பால். கூரையில் குழாயைச் செருகும் இரும்பு வளையம் இடப்பக்கம் வளைவில் சிக்கியிருந்தது. "பின்னாடி போகாதீங்க, கூரையோட பிடுங்கிட்டு வந்துடும். இடப்பக்கம் சாய்க்கணும்."

மணி பதினொன்று இருபத்தெட்டு. "எல்லாரும் இடப்பக்கம் ஒதுங்குங்க," என்று டிரான்டர் வாயெடுத்தார். அதற்குள் மாரியன் நட்டலே அதைச் சொல்லிவிட்டார். எல்லாரும் சமையல் மேடையோடு ஒட்டிக்கொண்டார்கள். படகு சாய்ந்தது. போதவில்லை.

"டெஸ்மண்ட்," என்றாள் அவர் பெண்டாட்டி. "போ. ஒன் நேரம் வந்துடுச்சு."

டெஸ்மண்ட் இரண்டு பேருக்கு நடுவே தன்னை நுழைத்து, ஜன்னலோடு கன்னத்தை அழுத்தி நின்றார். படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. குளியல் தொட்டித் தண்ணீர் சளார் என்று வழிந்து தரையில் ஓடியது. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை விழப்போனது. ஒரு கிழவி அதைப் பிடித்துக்கொண்டு, "தொட்டுட்டேன், மன்னிச்சிடுங்க," என்றாள்.

வளையம் விடுபட்டது. பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது.

"நடங்க. நடங்க. நில்லுங்க. நடங்க."

ஈரத்தில் கால் சதக் சதக் என்று வைத்து, படுக்கையறைக்குள் வந்து சேர்ந்தார்கள். டிரான்டருக்கும் அவர்களுக்கும் நடுவே இரண்டு படிதான். முன்னால் நின்ற ஒருவர் கட்டில் கம்பியைப் பார்த்தார். "எங்க வீட்லயும் இதேதான்," என்று மட்டும் சொன்னார். டிரான்டர் குனிந்தார். வளைவு அவர் தொப்பிக்கு மேலே போனது. வெளிச்சம் வந்தது.

பதினொன்று நாற்பது. ஆட்கள் இறங்கி ஓடாத குறையாக மதகுக்கு நடந்து, குர்பால் சொன்னபடி கதவுத் தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். படகு உள்ளே போய், தண்ணீர் வடிந்து, கீழ்க்கதவு திறந்து, வெளியே வந்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. கிரேன் ஏற்கெனவே சாலையில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

டிரான்டர் மாரியன் நட்டலிடம் கையை நீட்டினார். என்ன சொல்வது என்று தெரியாமல், "சங்கிலிப் பட்டறைச் சொவர் அந்தப் பக்கம் இருக்கு," என்றார். "எடதுகைப் பக்கம் மூணாவது அடுப்பு என்னோடது. படம் எடுக்கறதுன்னா அத எடுங்க."

படகுத்துறைக்கு வந்து கட்டிவிட்டு, ஸ்பூன்களை எண்ணினார். சரியாக இருந்தன. இன்னொரு தடவையும் எண்ணினார். பிறகு முட்டி போட்டுத் துணியால் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் மேலே வந்தது. மூன்று வாரமாகக் காயவைத்த இடம். எல்லாத் துண்டும் நனைந்தது. புகைக்குழாயை மறுபடி மாட்டி, அடுப்பில் கரியைத் திணித்தார். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்தது. அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அந்த அம்மாள் வந்துவிட்டாள். மிஸஸ் ஒகாஃபர். கையில் அளவு நாடா, பலகையில் தாள். உள்ளே வந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தாள்.

"ஏன் இவ்ளோ ஈரம்?"

டிரான்டர் வழியில் நாலு பொய் தயார் பண்ணி வைத்திருந்தார். ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திக் கேட்டாள். குளியல் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு வாத்து இறகு மிதந்தது.

"இதுல யாரும் குளிக்கப் போறதில்லயே?"

"எறைச்சிடுவேம்மா."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். படியை அளந்தாள். உள்வழியை அளந்து, "நடை வண்டிக்கு இது குறுகல்," என்றாள்.

"டெஸ்மண்ட்னு ஒருத்தரு இந்த வழியாத்தான் நடந்து வந்தாரு," என்றார் டிரான்டர். "நீங்க அவரப் பாக்கல. பெரில் அவர்ல கால்வாசி."

அவள் சிரிக்கவில்லை. நாடாவைச் சுருட்டினாள், தாளில் எதையோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். டிரான்டர் அந்தப் பேனா நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கெழமைக்குள்ள தரை காஞ்சிருக்கணும். வியாழக்கெழமை சாயங்காலம் மறுபடி வந்து பாப்பேன். காஞ்சிருந்தா அனுப்பலாம்."

"எழுதிக் குடுங்க."

"ஆஸ்பத்திரில சொல்லிடுறேனே."

"எழுதிக் குடுங்கம்மா. தேதி போட்டு."

எழுதிக் கொடுத்தாள். டிரான்டர் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "கையெழுத்து?" என்றார். போட்டாள்.

அவள் போனதும் பெரிலைக் கூப்பிட்டார். பாலம், கிரேன், தாள் எல்லாம் சொன்னார். இருபத்து மூன்று பேர் படுக்கையறை வரைக்கும் வந்ததையும் சொன்னார்.

"கட்டில் சரி பண்ணி வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

"எந்தப் போர்வை?"

"பழுப்பு."

"அந்தக் கிழிஞ்சதா? ரோச்டேல்காரங்க முன்னாடியா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நீண்டது. டிரான்டர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஒரு நர்ஸின் குரல் தூரத்தில் கேட்டது. இருமல் நின்றது. மூச்சு வந்தது, போனது, வந்தது.

"வில்ஃப்."

"சொல்லு."

"வெள்ளிக்கெழமை எத்தன மணிக்கு விடுறாங்க?"

"பத்துக்குன்னு சொல்றாங்க."

"நீ எட்டுக்கே வந்து உக்காந்துக்கோ. தாள மறக்காம எடுத்துட்டு வா. இவங்கள நம்ப முடியாது."

"ஏழுக்கே வர்றேன்," என்றார் டிரான்டர். போனை வைத்துவிட்டு மறுபடி முட்டி போட்டு, தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்க ஆரம்பித்தார்.